பொண்ணு கேரக்டர் எப்படி?

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் ஒன்றின் முனையில் ஜெரூஷாவின் ஜெராக்ஸ் கடை இருந்தது. ஜெராக்ஸ், எஸ்.டி.டி., லேமினேஷன், ரீசார்ஜ், மூலையில் திரை போட்டு மறைத்த ஒரே ஒரு கம்ப்யூட்டர். வாசலில் 'ஜெ.வி. கம்யூனிகேஷன்ஸ்' என்று பெரிய போர்டு வைத்திருந்தாள். அந்தப் போர்டை அவளைத் தவிர யாரும் படித்ததில்லை. தெருவுக்கு அது ஜெராக்ஸ் கடை, அவ்வளவுதான்.

ஆனால் கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற பெரியவர்கள் அந்தக் கடைக்கு வேறு ஒரு காரியமாகவும் வந்தார்கள். ஜாதகமோ ஜெபமோ, அவரவர் வழக்கப்படி பார்த்தாகிவிட்டது. படிப்பு, உயரம், வேலை எல்லாம் ஒத்துவந்துவிட்டது. மிச்சமிருப்பது விசாரிப்பு. வரன் வீட்டாருக்குத் தெரியாமல் அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போய், யாரையாவது பிடித்து, ஆள் எப்படி என்று கேட்டுவிட்டு வர வேண்டும். அந்த யாராவது, இந்தத் தெருவைப் பொறுத்தவரை, எப்போதும் ஜெரூஷாதான்.

விசாரிக்க வருகிறவர்களைத் தெருமுனை திரும்பும்போதே அவள் கண்டுபிடித்துவிடுவாள். வெயில் இல்லாத நாளில் குடை வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டு நம்பரையும் உற்றுப் பார்ப்பார்கள், ஒன்றுக்குள்ளும் போகமாட்டார்கள். பிறகு கடைக்கு வந்து, யாருக்கும் வேண்டாத ஒரு காகிதத்தை நீட்டி ஒரு காப்பி கேட்பார்கள். மெஷின் சூடாகும்வரை மின்விசிறியைப் பற்றிப் பேசிவிட்டு, "ஏம்மா, இந்தத் தெருவுல ஒரு பையன் இருக்கானாமே..." என்று இழுப்பார்கள்.

ஜெரூஷா பொய் சொல்லமாட்டாள். உண்மையைச் சொல்லுவாள், ஆனால் எதை முதலில் சொல்வது எதைக் கடைசியில் சொல்வது என்பது தன் உரிமை என்று நினைத்தாள். எந்த வேலையிலும் நிலைக்காத மஹீன் என்ற பையனைப் பற்றிக் கேட்டால், "வேலைக்குப் போறதுல சோம்பலே கிடையாதுங்க. எத்தனை கம்பெனி பாத்துட்டான் தெரியுமா?" என்பாள். வாய்ச்சண்டைக்கு அஞ்சாத ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, "தண்ணி லாரிக்காரன் நம்ம தெருவ விட்டுட்டுப் போகப் பாத்தான். இந்தப் பொண்ணு ஒருத்திதான் லாரி முன்னால போய் நின்னா. இப்ப எங்க வீட்டுக் குடத்துல தண்ணி இருக்குன்னா அவளாலதான்" என்றாள். அந்தக் கல்யாணம் நடந்தது. மாமியார் வீட்டுத் தெருவிலும் இப்போது தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று கேள்வி.

வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒரே வார்த்தைதான். "கேரக்டர் எப்படி?"

அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு ஜெரூஷாவுக்கு அதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. பையனின் கேரக்டர் என்றால் குடிப்பானா என்று அர்த்தம். பெண்ணின் கேரக்டர் என்றால் யாரோடாவது பேசுகிறாளா என்று அர்த்தம். மாமியாரின் கேரக்டர் என்றால் சாவிக்கொத்து யார் இடுப்பில் என்று அர்த்தம். "அவருக்குக் கேரக்டரே சரியில்ல" என்றால் குரலைத் தாழ்த்த வேண்டும். "அவர் ஒரு கேரக்டர்" என்றால் சிரிக்க வேண்டும். குணம், சுபாவம், நடத்தை, ஒழுக்கம், பேர், டைப் என்று தமிழில் ஆளுக்கொரு பாத்திரத்தில் எடுத்து வைத்திருப்பதை எல்லாம் இங்கிலீஷ்காரன் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றும். சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த தம்பி எபியிடம் ஒருநாள் கேட்டாள்.

"கேரக்டர்னா என்னடா?"

"கீபோர்டுல நீ தட்டுற ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேரக்டர்க்கா. நடுவுல விடுற இடம் இருக்குல்ல, அதுவும் ஒரு கேரக்டர்தான்."

"ஒண்ணுமே இல்லாததுமா?"

"ஆமா. உன் தம்பி மாதிரி."

ஊரார் குணத்தை எல்லாம் வகைபிரித்து அடுக்கிவைத்திருந்தவளுக்கு முப்பத்தோரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பி.காம். முடித்து ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதப் போனாள். அங்கே சாப்பாட்டு நேரத்தில்கூட யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று பிடிக்காமல் வெளியே வந்து இந்தக் கடையைப் போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வரன்கள் கிட்டே வந்து நழுவின. இரண்டு வீட்டாரும் அவளைப் பற்றி விசாரிக்க அவள் கடைக்கு வரமுடியாதே, அடுத்த தெருவில் விசாரித்தார்கள். அடுத்த தெரு ஒரே வாக்கியத்தில் சொல்லியனுப்பியது: "நல்ல பொண்ணுதான், ஆனா வாய் ஓயாது."

"என்னைப் பத்தி விசாரிக்க என்கிட்டயே வந்திருந்தா எவ்வளவு நல்லா சொல்லியிருப்பேன்!" என்று அவள் வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ரயில்வேயில் ரிடையர் ஆன அப்பா வில்பிரட்டும் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ரிடையர் ஆன அம்மா சரோஜினி சிரிக்கவில்லை.

மூன்றாவது வரன் வந்தபோது ஜெரூஷாவும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிடித்தது ஒரு ஜெபத்தின் நடுவில். குரோம்பேட்டையில் சித்தி மகள் கல்யாணம். ஆலயத்தில் ஆயர், "ஜெபிப்போமாக" என்றதும் எல்லாரும் தலை குனிந்தார்கள். பாடகர் குழுவின் கீபோர்டு மட்டும் ஏதோ பொத்தான் அழுந்தி, தானாகவே டிஸ்கோ வாசிக்க ஆரம்பித்துவிட்டது. வாசிக்கிற பையன் எதை அமுக்கினாலும் தாளம் வேகமாகிக்கொண்டே போனது. ஆயரோ நிறுத்தாமல் ஜெபித்தார். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தோள் குலுங்கியது. பெண்கள் பக்கத்தில் ஜெரூஷாவுக்கு. ஆண்கள் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனுக்கு. சாப்பாட்டுப் பந்தியில் அவன் எதிரே வந்து நின்றான்.

"நீங்கதானே சிரிச்சது?"

"நீங்களுந்தான்."

"நான் ஜெபம் பண்ணினேன்."

"தோள் குலுங்கவா?"

"உருக்கமான ஜெபங்க."

பெயர் கிப்சன். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறான். வீடு பள்ளிக்கரணையில். ஒரு மாதத்தில் முறைப்படி அவன் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. பெற்றோர் இல்லாத அவனை வளர்த்த புஷ்பம் அத்தை பெண்ணின் போட்டோ கேட்டிருந்தார்.

போட்டோவில்தான் முதல் கோளாறு. தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். கன்னத்து மச்சத்தை எடுத்தார், கன்னத்திலேயே கொஞ்சம் எடுத்தார், நிறத்தைப் பாலில் கரைத்தார், முதுகுக்குப் பின்னால் ஓர் அருவியை ஓடவிட்டார். கவரைப் பிரித்த சரோஜினி, "யாருடி இது?" என்றார். வில்பிரட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணு சாயல் கொஞ்சம் இருக்கு" என்றார். இரண்டாவது கோளாறு அவருடையது. போட்டோவோடு அனுப்பிய விவரத்தில் ஜெராக்ஸ் கடை என்று எழுத மனம் வராமல், 'கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள்' என்று எழுதிவிட்டார். ஒரு கம்ப்யூட்டர் இருந்ததால் பொய் என்றும் சொல்ல முடியாது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, மேகம் மூடிய வானத்துக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் தெருமுனையில் திரும்பினார். கறுப்புக் கண்ணாடி வேறு. வீட்டு நம்பர்களை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜெரூஷா மெஷினைப் போட்டாள். சூடாகட்டும்.

"ஸ்தோத்திர... வணக்கம்மா. இந்த கரண்ட் பில்ல ஒரு காப்பி எடுத்துக் குடு."

"உக்காருங்க ஆன்ட்டி. வாடகைக்கு வீடு பாக்குறீங்களா?"

"ஆமா! எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று அந்த அம்மாள் நிம்மதியாக உட்கார்ந்தார். "ஃபேன் நல்லா காத்து வருதும்மா. ஏன் கண்ணு, இந்தத் தெருவுல வில்பிரட் சார்னு ஒருத்தர் இருக்காராமே, ரயில்வேல இருந்தவர்?"

ஜெரூஷாவின் கை மூடியின் மேலேயே நின்றுவிட்டது. மெஷினுக்குள் பச்சை வெளிச்சம் போய்விட்டு வந்தது.

"இருக்காரு."

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்காமே? ஜெரூஷான்னு. கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காமே. எங்க அது, பெரிய பில்டிங்கா? அந்தப் பக்கம் போயிடாம இருக்கணும், பொண்ணு கண்ணுல பட்டுட்டா அசிங்கம். பஸ் ஸ்டாப்புல பூக்காரம்மா சொல்லுச்சு, யாரப் பத்தின்னாலும் ஜெராக்ஸ் கடையில கேளுங்கன்னு. நான் பள்ளிக்கரணைலருந்து வரேன். நம்ம பையனுக்குப் பேசிட்டு இருக்கோம். நீயே சொல்லு. பொண்ணு கேரக்டர் எப்படி?"

புஷ்பம் அத்தை! ஜெரூஷாவுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, வியர்த்தது, ஓடிவிடலாம் என்றும் இருந்தது. நான்தான் என்று சொல்லிவிட்டால் இந்த அம்மாள் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார், அதோடு வரனும் போய்விடும். சொல்லாவிட்டாலோ, இதோ, வருஷக்கணக்காக ஆசைப்பட்ட வாய்ப்பு. அவளைப் பற்றி அவளிடமே கேட்கிறார்கள்!

"நல்ல குடும்பம் ஆன்ட்டி" என்றாள். இது எல்லோருக்கும் சொல்லும் முதல் வரி.

"குடும்பம் சரி. பொண்ணு?"

அதற்குமேல் வரவில்லை. தெருவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தவளிடம் தனக்கென்று ஒன்று இல்லை. நல்லதைச் சொல்லப் போனால் நாக்கு கூசியது. அந்தக் கூச்சத்தில் வழுக்கி, நேராகக் குறைகளில் போய் விழுந்தாள்.

"வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்படியா?"

"கொஞ்சம் இல்ல, நிறையவே. காலைல எழுந்திருக்க மாட்டா. ஆலயத்துல சிரிச்சிடுவா. சமையல்... ரசம் மட்டும் வைப்பா. அதுவும் சாம்பார் வைக்கப் போய்த் தண்ணி கூடிப்போனதுதான்."

"கர்த்தாவே!" என்றார் புஷ்பம் அத்தை, ஆனால் நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ ரொம்ப வெளிப்படையா பேசுற. அப்புறம்?"

அப்புறம் யாசீன் பாய் வந்தார். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தத் தெருவில்தான் வீடு.

"இன்னாம்மா ஜெரூ..."

"பாய்!" என்று ஜெரூஷா கத்தினாள். "ஆர்.சி. புக்கா? குடுங்க குடுங்க. இவங்க நம்ம *ஜெரூஷாவ*ப் பத்தி விசாரிக்க வந்திருக்காங்க. வில்பிரட் சார் பொண்ணு இருக்கா பாருங்க, *அந்த* ஜெரூஷா."

"கண்ணுல இன்னாம்மா, தூசா? இந்த சிமிட்டு சிமிட்டற."

பிறகு யாசீன் பாய் அந்த அம்மாளைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். ஜெரூஷாவைப் பார்த்தார். தம் போட்ட பிரியாணி அண்டாவின் மூடியை மெல்லத் திறப்பதுபோல் அவர் முகம் திறந்தது.

"ஓ! *அந்த* ஜெரூஷாவா?" என்று கதவில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டார். வண்டியில் சவாரி காத்திருப்பது மறந்துபோயிற்று. "அது ஒரு கேரக்டர்மா!"

"எந்த அர்த்தத்துல சொல்றீங்க பாய்?" என்றார் புஷ்பம் அத்தை கவலையாக.

"எல்லா அர்த்தத்துலயும்தான். ஒரு தபா மழ நாளு. நம்ம வண்டில ஏறுச்சு. சேலையூர்ல ஏறி தாம்பரம் போறதுக்குள்ள, உள்ள குந்திகினு இருந்த அத்தினி பேரையும் சண்டைல இட்டுகினு வந்துடுச்சு. ஸ்டேசனாண்ட எறக்கி வுட்டுட்டுத் திரும்பிப் பாக்கறேன், அத்தினி பேரும் ஒண்ணா டீ குடிச்சிகினு கீறாங்க. எவனும் எனக்குத் துட்டு குடுக்கல. ஒரே பேஜாரு."

"அது அவ தப்பில்ல!" என்றாள் ஜெரூஷா. "முன் சீட்டு ஆளுதான் ஒரு கைக்குழந்தைக்காரிய எழுந்திருக்கச் சொன்னாரு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் புஷ்பம் அத்தை.

"அவ... அவதான் சொன்னா."

"சொல்லும் சொல்லும்" என்றார் யாசீன் பாய். "அத்தச் சொல்லாம அதால தூங்க முடியாது."

புஷ்பம் அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பெருமூச்சு விட்டார். "வேணாம்பா. எங்க பையன் சாது. பெத்தவங்க இல்லாம வளந்தவன். இது சரிப்படாது. போட்டோவப் பாத்தப்பவே நெனச்சேன், இவ்வளவு அழகா இருந்தா எங்கேயோ இடிக்கும்னு."

யாசீன் பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டு இப்படி முடியும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. "இல்லம்மா, நா இன்னா சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பித்தார்.

புஷ்பம் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண் ஜெரூஷாவின் மேல் இருந்தது. பிறகு சுவரில் தொங்கிய பைபிள் வசனக் காலண்டருக்குப் போனது. மறுபடி ஜெரூஷாவுக்கு வந்தது.

"நம்ம ஆளுங்களா கண்ணு நீ?"

"ம்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அப்படிப் போடு! எனக்கு வந்ததிலிருந்தே மனசுல படுது. வந்தவள உக்காரச் சொன்ன. கேட்டதுக்கு மழுப்பாம பதில் சொன்ன. அந்தப் பொண்ணு உனக்கு சிநேகிதிதான் போல, ஆனாலும் உண்மையச் சொன்ன பாரு, அதான் கேரக்டர். அந்த ஜெரூஷாவ விடு. எங்க கிப்சனுக்கு உன்னையே கேக்கட்டுமா?"

யாசீன் பாய் கதவிலிருந்து வழுக்கி ஜெராக்ஸ் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்.

ஜெரூஷா அந்த ஒரு நொடியில் வேண்டாம் என்று தள்ளப்பட்டும் இருந்தாள், வேண்டும் என்று கேட்கப்பட்டும் இருந்தாள். தலையாட்டினால் போதும். ஆனால் அவளுக்கு வந்தது பொறாமை. நிஜமான, சூடான பொறாமை. கிப்சனுக்கு இன்னொருத்தியா? அதுவும் யாரோ ஜெராக்ஸ் கடைக்காரியா?

"அதெப்படி விட முடியும்?" என்று பொரிந்தாள். "ஜெரூஷாவுக்கு என்ன குறைச்சல்? வாயாடிதான். இந்தத் தெருவுல யாரு வீட்ல சாவு விழுந்தாலும் முதல்ல போய் நிக்கிறது அந்த வாய்தான். வெளியூர் மாப்பிள்ளை ஒருத்தன் கல்யாணமானத மறைச்சுப் பொண்ணு கேட்டு வந்தப்ப, ஊரெல்லாம் போன் போட்டு அதக் கண்டுபிடிச்சதும் அந்த வாய்தான். கோபம் வரும். வந்தா அன்னைக்கே போயிடும். யாரையும் ஏமாத்த மாட்டா. உங்க பையன ரெண்டு நிமிஷந்தான் பாத்திருக்கா. அதுக்கே, வேற எவன் வந்தாலும் வேண்டாம்னு உக்காந்திருக்கா. அவளப் போய் வேண்டாங்குறீங்களே!"

புஷ்பம் அத்தை மெதுவாகக் கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

"ஜெரூஷா."

"அவ பேரக் கேக்கல. உன் பேரு."

"அதான் ஆன்ட்டி. ஒரே ஜெரூஷாதான். மச்சத்த ஸ்டுடியோக்காரர் எடுத்துட்டாரு."

புஷ்பம் அத்தை கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டார், காப்பியை விட்டுவிட்டார். கடைக்குள்ளேயே குடையை விரித்து, அது கதவில் மாட்டி, இழுத்து, வெளியே போய், வந்த முதல் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார். அது தாம்பரத்துக்குப் போகிற ஆட்டோ. அவருக்கு எதிர்த்திசை.

அன்று சாயந்திரம் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரமும் போயிற்று. நடந்ததைக் கேட்ட சரோஜினி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ரசத்தப் பத்தி எதுக்குடி சொன்ன?" என்று மட்டும் கேட்டார். எபி, "அக்கா, ரெண்டு பேருமே ரிஜெக்டட்" என்று சொல்லி ஒரு தலையணை அடி வாங்கினான். யாசீன் பாய் தன் வண்டி வேளச்சேரிக்குப் போகும்போதெல்லாம் பள்ளிக்கரணையில் அந்த அம்மாள் தென்படுகிறாரா என்று பார்த்து, "காணோம்மா" என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜெரூஷா ஒரே தாளை இரண்டு முறை காப்பி எடுத்தாள். தெருவில் ஒரு பெண்ணைப் பற்றி யாரோ விசாரிக்க வந்தபோது, "எனக்கு யாரப் பத்தியும் ஒண்ணும் தெரியாதுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. நுரையோடு கூடத்துக்கு ஓடினாள்.

"அப்பா! நம்ம சைடுலருந்து யாராவது போய்ப் பையனப் பத்தி விசாரிச்சீங்களா?"

வில்பிரட் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "சேச்சே. நல்ல மனுஷங்களப் பத்தித் தெருவுல போய்க் கேக்குறதா? அது அவங்கள அவமானப்படுத்துற மாதிரி இல்ல?"

ஜெரூஷா வாயைக் கொப்புளித்தாள். ஷட்டரை ஏற்றாமலே கேம்ப் ரோட்டுக்கு நடந்தாள். யாசீன் பாயின் வண்டி நின்றிருந்தது. "எங்கம்மா?" என்றார். "பள்ளிக்கரணைக்கு. விசாரிக்க" என்றாள். "ஏறு, ஏறு!" என்று அவர் வழியில் கைகாட்டிய யாருக்கும் நிறுத்தாமல் மேடவாக்கத்தைத் தாண்டினார்.

சதுப்புநிலம் அந்தப் பக்கம் பளபளவென்று கிடந்தது. நாரைகள் நின்றிருந்தன. காற்றில் குப்பைமேட்டு வாசனையும் தண்ணீர் வாசனையும் மாறி மாறி வந்தன. கிப்சன் வீட்டுத் தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் ரத்தினபாய் என்ற பெரிய உடம்புக்கார அம்மாள், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஜெரூஷாவுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று நன்றாகவே தெரியும். ஒரு தீப்பெட்டி கேட்டாள்.

"வாடகைக்கு வீடு ஏதாவது இருக்காக்கா?"

ரத்தினபாய் முறத்தைக் கீழே வைத்தார். மேலிருந்து கீழே பார்த்தார். கன்னத்து மச்சத்தில் கண் நின்றது.

"சேலையூர் ஜெராக்ஸ் கடையா நீ?"

ஜெரூஷா தீப்பெட்டியைத் தவறவிட்டாள்.

"ரெண்டு பேருன்னு புஷ்பம் சொன்னாளே! ஒருத்தியத்தான் காணோம்?" என்று ரத்தினபாய் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "ஏன்மா இத்தனை நாளு? புஷ்பம் தினம் வந்து இங்க உக்காந்துக்குது. 'பொண்ணு வீட்லருந்து ஒரு ஈ காக்கா விசாரிக்க வரலையே ரத்தினம், நம்ம பையன அவ்வளவு இளப்பமாவா நெனச்சிட்டாங்க, இல்ல நான் குடைய விரிச்சுட்டு ஓடினதுல மனசு விட்டுப்போச்சா'ன்னு ஒரே புலம்பல். நாங்க இந்தத் தெருவே என்ன சொல்லணும்னு பேசி வச்சுக் காத்திட்டிருக்கோம். யாராவது வந்தாத்தானே?"

"அப்ப அவங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"கோவமா? அன்னைக்குத் தப்பு ஆட்டோவுல ஏறி தாம்பரம் வரைக்கும் போய் வந்திருக்கா. வழியெல்லாம் சிரிச்சதுல டிரைவர் பயந்துட்டானாம்." ரத்தினபாய் கல்லாவை விட்டு எழுந்து தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "புஷ்பம்! ஏ புஷ்பம்! விசாரிக்க வந்துட்டாங்க!"

கதவுகள் திறந்தன. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி அங்கிருந்தே, "கிப்சன் சார் தங்கமானவருங்க!" என்றாள். எதிர்வீட்டுக்காரர் பாதி மழித்த முகத்தோடு வெளியே வந்து, "பறவை பாக்குறேன்னு சேத்துல எறங்கி இடுப்புவரை மாட்டிக்கிட்டான், நாங்கதான் கயிறு போட்டு இழுத்தோம், அதையும் சொல்லிடுறேன்" என்றார். "அத எதுக்கு இப்ப சொல்றீங்க?" என்று அவர் மனைவி அவரை உள்ளே இழுத்தார். ஆரவாரம் கேட்டு கிப்சனே வாசலுக்கு வந்தான். கையில் ஒரு வீட்டுப்பாட நோட்டு, காதில் சிவப்புப் பேனா. ஜெரூஷாவைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போகப் பார்த்தான். வழியை அடைத்துக்கொண்டு புஷ்பம் அத்தை வெளியே வந்தார். அவசரத்தில் கட்டிய புதுச் சேலை. கறுப்புக் கண்ணாடி.

நேராகக் கடைக்கு வந்தார். ஜெரூஷாவை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"யாரும்மா நீ? யாரப் பத்தி விசாரிக்கணும்? நான் இந்தத் தெருதான். எதுன்னாலும் என்கிட்ட கேளு."

யாசீன் பாய் வண்டியிலிருந்து இறங்கியே விட்டார்.

ஜெரூஷா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "கிப்சன்னு ஒரு பையன். எங்க பொண்ணு ஒருத்திக்குப் பேசிட்டு இருக்கோம். பையன் கேரக்டர் எப்படிங்க?"

"குறட்டை விடுவான்" என்றார் புஷ்பம் அத்தை.

"அத்தை!" என்றான் கிப்சன்.

"நீ சும்மா இருப்பா, தெருவுல போறவங்க பேச்சுல தலையிடாத. குறட்டை விடுவான்மா. கண்ணாடிய எங்க வச்சோம்னு தெரியாம அதப் போட்டுக்கிட்டே தேடுவான். ஜெபத்துல சிரிப்பான். அது சின்ன வயசுலருந்தே இருக்கு, அடிச்சும் திருந்தல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவங்க அத்தைக்குக் காய்ச்சல் வந்தா தூங்கமாட்டான். ஸ்கூல்ல எந்தப் பையனையும் கை நீட்டினதில்ல. ஒரு பொண்ண ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வந்து, வேற போட்டோவே காட்டாதீங்கன்னுட்டான். அருவி போட்டோவக் காட்டினப்ப, இது யாருன்னு கேட்டான். அவங்க அத்தைதான் முட்டாள், நான் போய் விசாரிச்சுட்டு வரேன்னு கிளம்பிட்டா."

ஜெரூஷாவுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் விக்கல் எடுத்தது. ரத்தினபாய் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

"உங்க பொண்ணு வீட்ல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார் புஷ்பம் அத்தை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தும் அந்தக் கேள்வியின் பயம் தெரிந்தது. கிப்சன் காதிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடினான்.

"நான் எப்படிங்க சொல்ல முடியும்? விசாரிக்க வந்தவ. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

ஜெரூஷா சோடாவைக் கடைப் பலகையில் வைத்தாள். கண்ணை மூடினாள். மாடியில் ஈரத்துணி சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

கண்ணைத் திறந்தாள்.

"கேட்டுட்டேன். அவளுக்குச் சம்மதமாம்."